சிங்கைத் தீவில் அன்னைக்கு இடம் கண்ட நாராயண பிள்ளை

கடாரம் என்று தமிழர் தொன்றுதொட்டு அழைத்து வந்த கெடா மண்ணுக்கும், அதன் எதிரே கடலில் வீற்றிருக்கும் பினாங்குத் தீவுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. கெடா சுல்தானின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த அத்தீவில் 1786-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடி நாட்டியது. அதன் பின்னர்ச் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் கணக்கரும் தொழிலாளரும் திரளாக வந்து குடியேறினர். அவ்வாறு பினாங்கில் பணியாற்றி வந்த தமிழருள் ஒருவரே திரு. நாராயண பிள்ளை அவர்கள்.

1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்குச் சென்றபோது, பிள்ளை அவர்களும் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் உடன் சென்றார். பழகிய ஊரையும் அறிந்த சுற்றத்தையும் விடுத்து, காடும் சதுப்பும் மண்டிய ஒரு தீவில் அடியெடுத்து வைப்பது எளிய செயலன்று. அங்கே கடைவீதி இல்லை. கல் வீடு இல்லை. கைகூப்பித் தொழ ஒரு கோயிலும் இல்லை.

முதலில் அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்துப் போலிகளைக் களையும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆயினும் புதிய ஊருக்கு வேண்டுவது யாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். வருவோர் அனைவர்க்கும் வீடு வேண்டும். வீட்டுக்குச் செங்கல் வேண்டும். எனவே செங்கற் சூளை ஒன்றை நிறுவினார். சிங்கப்பூரின் முதற் சூளை அதுவே என்பர். பினாங்குக்குச் செய்தி அனுப்பிக் கொத்தர்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் வரவழைத்தார். கட்டுமானத் தொழிலோடு கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடையும் நடத்தி, குறுகிய காலத்திற்குள் பெரு வணிகராக உயர்ந்தார்.

1822-ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் இடி விழுந்தது. தீ விபத்தில் துணிக்கடை முற்றும் எரிந்து சாம்பலாயிற்று. சரக்கு போயிற்று, கடன் மட்டும் எஞ்சியது. பிள்ளை அவர்கள் ஊரை விட்டு ஓடவில்லை. கடன் கொடுத்த ஆங்கில வணிகர்களை நேரில் கண்டு தவணை கேட்டார். ராபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துரைத்து, வணிகச் சதுக்கத்தில் நிலம் பெற்று, மீண்டும் தொழில் தொடங்கித் தலை நிமிர்ந்தார்.

வாழ வந்த இடத்தில் வயிற்றுக்கு வழி தேடியதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஆலயத்திற்கென முதலில் ஒதுக்கப்பட்ட இடம் தெலுக் ஆயர் தெருவில் இருந்தது. பெயரிலே நீரைத் தாங்கிய அவ்விடத்தில் அபிஷேகத்திற்கு ஏற்ற நன்னீர் வசதியாகக் கிடைக்கவில்லை. 1821-இல் ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறு இடம் தரப்பட்டது. மறு ஆண்டு வகுக்கப்பட்ட நகர அமைப்புத் திட்டம் அப்பகுதியை வேறு பயனுக்கு ஒதுக்கியது. மூன்றாவதாக 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் கிடைத்தது. கடை எரிந்து கடன்பட்ட காலமும் இதுவே என்பதை நினைந்து பார்த்தல் வேண்டும்.

1827-ஆம் ஆண்டு மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்ட எளிய ஆலயம் அங்கே எழுந்தது. பிள்ளை அவர்கள் அம்மனின் சிறு திருவுருவைச் ‘சின்ன அம்மன்’ எனப் பிரதிஷ்டை செய்தார். பின்னர் 1843-ஆம் ஆண்டளவில் செங்கற் கட்டடம் உருப்பெற்றது. அதுவே இன்று சிங்கையின் மிகப் பழைமையான இந்து ஆலயமாகப் போற்றப்படும் ஸ்ரீ மாரியம்மன் கோயில். கப்பலிறங்கி வந்த ஏழைத் தமிழர், வேலையும் உறையுளும் கிடைக்கும் வரை இவ்வாலயத்தில் தங்கினர். திருமணங்களும் இங்கே நடந்தேறின. தமிழர்களின் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் தலைமையையும் அரசு பிள்ளை அவர்களுக்கு வழங்கியது. 1973-இல் இக்கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019-இல் சிங்கப்பூர் தன் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தபோது, சிங்கை ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலையின் அருகே நாராயண பிள்ளை அவர்களின் சிலையும் வைக்கப்பட்டது.

இவ்வரலாறு கெடா வாழ் இந்துக்களின் நெஞ்சைத் தொடுவதாகும். கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி முதலிய வட்டாரங்களின் பால்மரத் தோட்டங்களில் நம் முன்னோரும் மரத்தடியில் சூலம் நட்டு, அத்தாப்புக் கூரை வேய்ந்து அன்னையை வழிபட்டனர். நிலம் தோட்ட நிர்வாகத்தினுடையது. கோயில் மட்டுமே தொழிலாளருடையது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில், தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய பல கோயில்கள் இடம்பெயர நேர்ந்தது.

கோயில் இடம் மாறுவது குறையன்று. சிங்கைக் கோயிலுக்கும் மூன்றாம் இடமே நிலைத்தது. ஆனால் பிள்ளை அவர்கள் ஒவ்வொரு முறையும் அரசை அணுகி, முறைப்படி இடம் கேட்டுப் பெற்றார் என்பதை நாம் மறத்தலாகாது. திருப்பணிக்கு நிதி திரட்டும் நாம், நிலப்பட்டாவுக்கும் அதே ஊக்கத்தோடு முயலுதல் வேண்டும். கோபுரம் உயர்வதற்கு முன்னர் அது நிற்கும் மண் நமதாதல் வேண்டும். இளைய தலைமுறையினர் இப்பணியை ஏற்று முன்னின்று நடத்த, அன்னை மாரியம்மன் அருள் புரிவாளாக!