வேதத்தைப் புரட்டத் தெரியாத வாலிபன்

சண்டே ஸ்கூல் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே என்று சொல்லிவிடுகிறோம். தேவ ஊழியர் டி. எல். மூடியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள்.

1837-ல் அமெரிக்காவின் நார்த்ஃபீல்டில் பிறந்தார். நாலு வயதில் தகப்பனை இழந்தார். படிப்பும் அதிகமில்லை. 17 வயதில் பாஸ்டனிலே தாய்மாமன் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தவறாமல் சபைக்குப் போகவேண்டும் என்பது மாமா போட்ட கண்டிஷன்.

அங்கே வேதபாட வகுப்பில் யோவான் சுவிசேஷத்தை எடுக்கச் சொன்னால், இவர் பழைய ஏற்பாட்டில் தேடினாராம்! ஆசிரியர் எட்வர்ட் கிம்பல் பரிகாசம்பண்ணவில்லை; தன் வேதாகமத்தையே திறந்து கையில் கொடுத்தார். 1855 ஏப்ரலில் கடைக்கே தேடிப்போய் இயேசுவின் அன்பைச் சொன்னார். அன்றைக்கே மூடி இரட்சிக்கப்பட்டார்.

அடுத்த மாதம் சபையில் அங்கத்தினராகப் போனபோது, விசுவாசத்தைப்பற்றிய கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. சேர்க்கவில்லை. ஆனாலும் சபை அவரைக் கைவிடவில்லை. கற்றுக்கொடுக்க ஆட்களை ஏற்படுத்தி, 1856-ல் சேர்த்துக்கொண்டது.

அந்த மூடிதான் பிற்பாடு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் திரளான ஜனங்களுக்குப் பிரசங்கித்தார். சாதாரண ஆண்களும் பெண்களும் வேதம் கற்று ஊழியம் செய்ய, 1886-ல் சிகாகோவில் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அதுவே இன்றைய மூடி வேதாகமக் கல்லூரி. 1899-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, ஞானஸ்நானம் எடுத்தாச்சு, அபிஷேகமும் பெற்றாச்சு, இனி வகுப்பு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்காரும் புது விசுவாசிக்கு ஆகாய் எங்கே, எபேசியர் எங்கே என்று தெரியாமலிருக்கலாம். சிரிக்காமல் எடுத்துக் கொடுங்கள். அவருக்குள் ஒரு மூடி இருக்கக்கூடும்! ஆமென்.