எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (சனவரி 12, 1895 – ஆகஸ்டு 1948) சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆய்வு நடத்திய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கிய ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கினார். அவ்வெதிர்ப்பொருள்களுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்குநோய்களுக்கு முதன்மையான மருந்தாக இன்று பயன்படுகிறது.

சென்னை வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த பீமவரத்தில் பிறந்த இவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். தாயார் இசையாததால் மருத்துவம் பயிலத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து வந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்தார். இவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தனர்.

ஹார்வர்டு ஆய்வுகள்

1920களில் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க்குடன் பணியாற்றினார். உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் இவர்களுடைய முறை 1925 இல் வெளியானது. தசைகளிலிருந்து பாஸ்போகிரியாட்டினையும் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தனர். அங்கு நிலையான பதவி கிட்டாததால் 1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ஃபோலிக் அமிலம்

டி.என்.ஏ.யின் கூறுகளை உண்டாக்க உயிரணுக்களுக்கு ஃபோலேட்டு தேவை. பல பாக்டீரியாக்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன; மனிதர் பெரும்பாலும் உணவிலிருந்து பெறுகின்றனர். லாக்டோபாசிலஸ் கேசி என்னும் பாக்டீரியாவுக்கும் அது வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். ஆகவே அந்த பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கொண்டே ஒரு சாற்றிலுள்ள ஃபோலேட்டின் அளவை அறிந்தனர். கல்லீரலிலிருந்தும் வேறொரு பாக்டீரியாவின் நொதிப்பிலிருந்தும் இப்பொருளைப் பெற்ற லெடர்லி குழுவினர், 1945 இல் அதைச் செயற்கையாக உருவாக்கினர். சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

எதிர்ப்பொருள்களும் தன்னுடல் தாக்குநோயும்

ஃபோலிக் அமிலத்தை வடிவில் ஒத்த அமினோப்டெரின், அதற்குரிய நொதியை முடக்கி டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது. லெடர்லி அளித்த இம்மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகத் தணிந்ததை சிட்னி ஃபார்பர் 1948 இல் வெளியிட்டார். 1951 இல் இது முடக்குவாத நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. இதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 1988 இல் ஒப்புதல் தந்தது. இந்நோய்க்கு வாரம் ஒருமுறை, புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில் தரப்படுகிறது. அந்த அளவில் டி.என்.ஏ. தடையைவிட, அழற்சியைத் தணிக்கும் அடினோசின் பெருகுவதே முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. அடினோசின், சுப்பாராவ் முன்பு பிரித்தெடுத்த ஏ.டி.பி.யின் ஒரு பகுதியாகும்.

மறைவு

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில், தம் 53 ஆம் அகவையில் காலமானார். மெத்தோட்ரெக்சேட் தன்னுடல் தாக்குநோய்களுக்குப் பயன்படுவதைக் காண அவர் இருக்கவில்லை. இவரது நூற்றாண்டையொட்டி 1995 இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.