பம்பின் கைப்பிடியும் பிளீச்சிங் பவுடரும்

லாங் பஜாரில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன் நான். எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள். குழாய்த் தண்ணி பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குதுன்னு அம்மா அதைத் துவைக்க மட்டும் வைப்பாங்க. குடிக்கக் கிணற்றுத் தண்ணிதான். போன மழைக்காலத்தில் தங்கச்சி வாந்தி பேதியில் மூன்று நாள் டிரிப்ஸோடு கிடந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் டாக்டர் ஜான் ஸ்நோவைப் பற்றிப் படித்தேன்.

1813 மார்ச் 15-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1831-32-ல் சுரங்கத் தொழிலாளிகள் காலராவில் சாவதைக் கண்ணால் பார்த்தார். 1836-ல் லண்டனுக்கு நடந்தே போய், 1844-ல் எம்.டி. பட்டம் வாங்கினார். நம்ம வீட்டுக் கதை மாதிரி இல்லையா?

1847-ல் குளோரோஃபார்ம் மயக்க மருந்தாக வந்தது. அளவு மீறினால் உயிர் போகும். ஸ்நோ அளவைக் கணக்கிட்டு, அதற்கென்று கருவியும் செய்தார். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்தில் அதைக் கொடுத்தவர் அவரே.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் பிராட் தெருவில் காலரா வெடித்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்பது அன்றைய பெரியவர்களின் முடிவு. ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். செத்தவர்கள் பெரும்பாலும் ஒரே அடிபம்பில் தண்ணி பிடித்தவர்கள். பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளிகளோ அந்தத் தண்ணியைத் தொடவில்லை, பிழைத்தார்கள். செப்டம்பர் 8-ல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் குறையத் தொடங்கிவிட்டதை அவரே மறைக்காமல் எழுதினார். 1858-ல், 45 வயதில் இறந்தார். காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் காக் உறுதி செய்தது 1884-ல்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் குளோரோஃபார்ம் தயாரித்ததே பிளீச்சிங் பவுடரையும் சாராயத்தையும் சேர்த்துக் காய்ச்சித்தான். 1974-ல் நெதர்லாந்தின் ரூக் என்பவர், குளோரின் போட்ட குடிதண்ணீரிலும் அது துளித்துளியாக உண்டாவதைக் காட்டினார். மக்கிய இலை, மண் இவற்றின் கரிமப் பொருளோடு குளோரின் சேர்வதே காரணம். கரிமப் பொருள், குளோரின் அளவு, வெப்பம், பி.ஹெச்., தொட்டியிலும் குழாயிலும் தங்கும் நேரம் எல்லாம் கூடக்கூட அதுவும் கூடும். இவற்றை அளந்து சூத்திரத்தில் போட்டால், கடைசித் தெருக் குழாயில் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடலாம். மேலே போகப் போகக் குளோரின் குறையும், குளோரோஃபார்ம் ஏறும்.

நம் ஐ.எஸ். 10500 (2012) தரத்தில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கணும். குளோரோஃபார்ம் 0.2-ஐத் தாண்டக் கூடாது. ஒரே எண், இரண்டு காவல்!

அப்படியானால் குளோரினை விட்டுவிடலாமா? கூடாது. குளோரோஃபார்மின் பயம் பல வருஷக் கணக்கு. காலரா ஒரே நாளில் ஆளைக் கொண்டு போகும். குளோரின் போடும் முன்பே படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டிக் கரிமப் பொருளைக் குறைப்பதே வழி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். படிச்ச புள்ள சொல்றான்னு அவங்களும் கேட்டாங்க. குழாய்த் தண்ணியைக் குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் நாத்தம் அடங்கிவிடுகிறது. இப்போது எங்க வீட்டில் குடிப்பது அதுதான்.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் குடிநீர்த் தொட்டிகளில் வேலைக்குப் போவோம். மயக்க மருந்தையும் மரணங்களையும் ஸ்நோ அளந்து பார்த்தார். நாமும் குத்துமதிப்பாகப் பவுடரைக் கொட்டாமல் அளந்து போடுவோம். அந்தத் தண்ணியைக் குடிக்கப் போவது யாரோ ஒருவருடைய தங்கச்சி.