கிறிஸ்மஸ் இரவில் தம்மைக் கையளித்த சிறுமலர்



கையில் பாடுபட்ட சுரூபமும் ரோசா மலர்களும் ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே இராது. அந்த இனிய முகத்தைப் பார்ப்பவர்கள், இவர் பிறவியிலேயே சாந்தகுணமுள்ளவர், புனிதராவதில் இவருக்கு என்ன சிரமம் இருந்திருக்கும் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பதினான்கு வயதை எட்டும்வரை அவர் தொட்டதற்கெல்லாம் அழும் பிள்ளையாகவே இருந்தார்.

பிரான்சு நாட்டில் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த அலான்சோன் நகரில் 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ம் நாள் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் சேலி லேஸ் பின்னல் தொழில் நடத்தியவர். பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துவிட, எஞ்சிய ஐந்து பெண்களில் இவரே கடைசி. நான்கரை வயதில், 1877 ஆகஸ்டில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயின் இடத்தில் இருந்து வளர்த்த அக்காள் பவுலின் 1882-ல் கார்மேல் மடம் சென்றார். மூத்த அக்காள் மரியும் 1886-ல் அதே மடத்தில் சேர்ந்தார். ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்தப் பிரிவுகள் பிள்ளையின் உள்ளத்தைப் புண்ணாக்கின. யாராவது சற்று முகம் மாறிப் பேசினால் அழுவார். பிறகு, ஏன் அழுதோம் என்று அதற்காகவும் அழுவார். தம்மைத் திருத்திக்கொள்ள எவ்வளவோ முயன்றார், முடியவில்லை.

1886-ம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு. நள்ளிரவுத் திருப்பலியில் நற்கருணை உட்கொண்டு, தந்தையுடனும் அக்காள் செலினுடனும் வீடு திரும்பினார். அந்நாட்டு வழக்கப்படி பிள்ளைகளின் காலணிகளைக் கணப்பு அடுப்பருகே வைத்து, பெரியவர்கள் அவற்றில் பரிசுகளை இடுவார்கள். கடைக்குட்டி என்பதால் தெரேசம்மாளுக்கு மட்டும் அந்த வழக்கம் இன்னும் நீடித்தது. அன்று களைத்திருந்த தந்தை அக்காலணிகளைக் கண்டதும், நல்லவேளை, இதுவே கடைசி ஆண்டு என்று சலிப்போடு சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றி வைக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது.

கண்ணீர் முட்டிவிட்டது. பின்னால் வந்த செலின் அதைக் கண்டு, இப்போது கீழே போகாதே, மேலும் அழுவாய் என்று தடுத்தார். ஆனால் தெரேசம்மாள் கண்ணீரை அடக்கிக்கொண்டு, நெஞ்சு படபடக்கக் கீழே இறங்கினார். காலணிகளைத் தந்தையின் முன் வைத்து, பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்ந்தார். தந்தை சலிப்பு நீங்கிச் சிரித்தார். செலினுக்கோ இது கனவா என்றிருந்தது.

ஒரு புனிதரின் வரலாற்றில் சொல்லத்தக்க காரியமா இது என்று சிலர் கேட்கலாம். ஆண்டுகள் பல கழித்து, மடத்தலைவியின் கட்டளைப்படி தம் வரலாற்றை எழுதியபோது, அந்த இரவைத்தான் தம் மனமாற்றத்தின் இரவாக அவர் குறித்தார். பத்தாண்டுகளாகத் தம்மால் செய்ய இயலாததை, குழந்தையாகப் பிறந்த இயேசு ஒரு நொடியில் செய்து முடித்தார் என்பது அவர் கண்ட உண்மை. அன்றுமுதல் அவர் மனம் தம்மை விட்டுப் பிறர்பால் திரும்பியது. 1887-ல், பாரிசில் மூவரைக் கொன்று மரண தண்டனை பெற்ற பிரான்சினி என்பவனுக்காக அவர் உருக்கமாக மன்றாடினார். மனம் வருந்தாதிருந்த அவன், ஆகஸ்ட் 31-ல் கொலைமேடையில் பாடுபட்ட சுரூபத்தை மும்முறை முத்தி செய்து இறந்தான்.

அதே 1887-ல் கார்மேல் மடம் சேரத் தந்தையின் அனுமதியைப் பெற்றார். தாம் மனந்திரும்பிய நாளாகிய கிறிஸ்மஸிலேயே உட்புக வேண்டும் என்பது அவர் ஆசை. வயது போதாது என்று மடத்தின் மேற்பார்வைக் குரு மறுத்தார். பெரியவளாகத் தோன்றும்படி கூந்தலை உயர்த்தி முடிந்துகொண்டு பாயே மறைமாவட்ட ஆயரிடம் சென்றார்; அவரும் உடனே முடிவு சொல்லவில்லை. நவம்பர் 20-ல் உரோமையில் திருத்தந்தை 13-ம் சிங்கராயரின் பாதத்திலேயே விழுந்து கேட்டார். பேசக்கூடாதென்ற தடையையும் மீறிக் கேட்ட அவரைக் காவலர்கள் தூக்கித்தான் அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அங்கும் திட்டமான பதில் கிடைக்கவில்லை.

ஊர் திரும்பியபின் ஆயருக்குக் கடிதம் எழுதிவிட்டு, தினமும் காலைப் பூசை முடிந்ததும் தந்தையுடன் தபால் நிலையம் சென்று பார்ப்பார். கடிதம் வரவில்லை. கிறிஸ்மஸ் வந்துவிட்டது.

தாம் குழந்தை இயேசுவின் கையில் ஒரு சிறு பந்து என்றும், அவர் விளையாடினாலும், துளைத்துப் பார்த்தாலும், மூலையில் போட்டுவிட்டு உறங்கினாலும் சம்மதமே என்றும் அவர் முன்னரே தம்மை ஒப்புக்கொடுத்திருந்தார். இப்போது பந்து மூலையில் கிடந்தது. ஓராண்டுக்கு முன் கொடுத்தது கண்ணீரை. இம்முறை கொடுக்க வேண்டியிருந்தது, தாம் குறித்து வைத்த நாளை! கண்ணீரைக் கொடுப்பதைவிட இது கடினம் என்பதே என் எண்ணம். இறைவனுக்கு நம்மைத் தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம். எப்போது, எப்படி என்பதை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

அன்று நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தபோது, அவர் அறையில் ஒரு சிறு கப்பலைச் செலின் செய்து வைத்திருந்தார். அதில் பாலன் இயேசு உறங்க, அவரருகே ஒரு பந்து. கப்பலின்மேல் கையளிப்பு என்ற ஒரே சொல். மறுபொழுது கார்மேல் மடத்துக்குச் சென்றபோது, கம்பிக் கதவு திறந்ததும், பாலன் இயேசுவின் சுரூபத்தின் கையில் ஒரு பந்து. அதில் தெரேசம்மாளின் பெயர்!

1888 ஜனவரி முதல் நாள் செய்தி வந்தது. ஆயரின் அனுமதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாளாகிய டிசம்பர் 28-லேயே மடத்துக்கு வந்திருந்தது. ஆயினும் தவக்காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும் என்றார்கள். இன்னும் மூன்று மாதம்! கடும் தவமுயற்சிகளைத் தேடாமல், எதிர்ப்பேச்சை நாவில் அடக்குவது, பிறர் அறியாதபடி சிறு உதவிகள் செய்வது, உட்காரும்போது முதுகைச் சாய்க்காதிருப்பது என்று அந்த நாட்களைக் கழித்தார். ஏப்ரல் 9-ல் தந்தை முழந்தாளிட்டு ஆசீர் அளிக்க, மடத்தின் வாயிலைக் கடந்தார். அப்போது வயது 15.

அடைபட்ட மதிலுக்குள் ஒன்பதரை ஆண்டு. கடைசி ஒன்றரை ஆண்டு காசநோயோடு விசுவாச இருளும் சேர்ந்தது. விண்ணகம் உண்டா என்ற சோதனையிலும் கொடுத்ததைத் திரும்பப் பெறவில்லை. 1897 செப்டம்பர் 30-ல், 24-ம் வயதில் இறந்தார். 1925-ல் 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1927-ல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். 1997-ல் 2-ம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தை அளித்தார்.

கிறிஸ்மஸ் இரவில் களைப்பால் சலித்துப் பேசிய அந்தத் தந்தையோ, ஐந்து மகள்களையும் துறவறத்துக்குத் தந்தவர். மூளை நோயால் மூன்றாண்டுகள் மனநோய் மருத்துவமனையில் இருந்து, 1894-ல் காலமானார். 2015 அக்டோபர் 18-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரையும் சேலியையும் தம்பதியராகவே புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.