எட்டுக் கலைப் பிழை

ஜெர்மனியில் வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் 1571ஆம் ஆண்டு பிறந்தவர் யோகான்னஸ் கெப்ளர். குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மை அவருடைய பார்வையை மங்கச் செய்தது. விண்மீன்களைக் கூர்ந்து நோக்க இயலாத அவர், கணக்கின் வழியே வானை அறிய முற்பட்டார்.

1600இல் பிராக் நகருக்குச் சென்று டைக்கோ பிராஹேயிடம் பணியில் சேர்ந்தார். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில், வெறுங்கண்ணால் கோள்களின் நிலைகளை வியத்தகு நுட்பத்துடன் அளந்து குறித்தவர் பிராஹே. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். செவ்வாயின் பாதையைக் கண்டறியும் பொறுப்பு கெப்ளருடையதாயிற்று. நூலின் இறுதியில் விடைப்பக்கம் இல்லாத கணக்கு அது.

பாதை வட்டமே என்று கொண்டு, நான்கு குறிப்புகளை அடிப்படையாக வைத்து, ஊகித்தும் திருத்தியும் ஏறத்தாழ எழுபது முறை கணக்கிட்டார். கிடைத்த விடை, செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே நின்ற பிற நாள்களின் குறிப்புகளோடு இரண்டு கலைக்குள் பொருந்தியது. பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. மற்றொருவராயின் அத்துடன் எழுதுகோலை வைத்திருப்பார். கெப்ளரோ, திசை சரியாயின் தொலைவும் சரியாயிருத்தல் வேண்டும் எனக் கருதி, வேறொரு வழியில் சோதித்தார். தொலைவு பொருந்தவில்லை. அதைத் திருத்தியபோது திசை எட்டுக் கலை பிறழ்ந்தது.

முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அவ்வேறுபாடு. அளந்தவர் தவறினார் என்று கூறிக் கடந்திருக்கலாம். மறுத்துரைக்கப் பிராஹேயும் உயிரோடில்லை. ஆயினும் அவருடைய அளவீடு அத்துணை பிழைபடாது என்பதைக் கெப்ளர் அறிந்திருந்தார். பல்லாண்டு உழைப்பில் எழுந்த தம் விடையையே கைவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர் போற்றிய வட்டத்தையும் உடன் துறந்தார். பாதை நீள்வட்டம் என்னும் முடிவு 1609இல் 'புதிய வானியல்' என்னும் நூலாக வெளிவந்தது.

இத்துணை விழிப்புடையவரும் தவறாமலில்லை. சுற்றுக்காலத்தின் இருமடி, தொலைவின் மும்மடிக்கு நேர்த்தகவில் அமையும் என்னும் விதி 1618 மார்ச் 8இல் அவர் உள்ளத்தில் தோன்றியது. கணக்கில் நேர்ந்த பிழையால் அதனைப் பொய்யெனத் தள்ளினார். மே 15இல் மீண்டும் எடுத்துச் சரிபார்த்தபோதுதான் விதி நிலைபெற்றது.

1630இல் ரேகன்ஸ்பர்க் நகரில் கெப்ளர் காலமானார். 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் சூரியனைக் கடக்கும் என அவர் முன்னரே கணித்திருந்தார். அந்நாளில் பாரிசில் காத்திருந்த கசாந்தி என்னும் அறிஞர், சூரியவட்டத்தின்மீது சிறு கரும்புள்ளி ஒன்று நகர்வதைக் கண்டார்.