முப்பது கோட்டுல ஒரு முகம்

கேரவன்னு சொன்னா நமக்கு டக்குன்னு ஞாபகம் வர்றது ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்காருற பெரிய வண்டி. பிரிட்டன்ல அது வேற. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். லீவு விட்டா கடற்கரைப் பக்கம் கிளம்பிடுவாங்க, ராத்திரியானா லேப்டாப்பைத் திறந்து டிவி பார்ப்பாங்க. சிக்னல் குறைஞ்சதும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். படம் கொஞ்சம் மங்கும், தானாவே குறைஞ்ச குவாலிட்டிக்கு இறங்கும், ஆனா நிக்காம ஓடும். ஊருக்குப் போற பஸ்ல நீங்க மேட்ச் பார்க்கிறப்பவும் இதேதான் நடக்குது.

குழாய் சின்னதா இருந்தா படத்தையும் சின்னதாக்கு, ஆனா ஆள் எங்க இருந்தாலும் போய்ச் சேரணும். இந்த வேலையை 1920-களிலேயே செஞ்சு காட்டின ஒருத்தர் இருந்தார். ஜான் லோகி பேர்ட். டிவியைக் கண்டுபிடிச்சவர்னு ஜிகே புத்தகத்துல ஒரு வரியில படிச்சிருப்பீங்க. அந்த ஒரு வரி அவருக்கு ரொம்பக் கம்மி.

பிறந்தது 1888, ஸ்காட்லாந்துல ஹெலன்ஸ்பர்க்னு ஒரு கடலோர ஊர். அப்பா சர்ச் பாதிரியார். பையன் ஸ்கூல் படிக்கும்போதே தன் வீட்டுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் ரோட்டுக்குக் குறுக்கே கம்பி இழுத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தினான். கிளாஸ்கோவுல எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். அதுக்கு மேல யுனிவர்சிட்டி டிகிரி படிக்கும்போது முதல் உலகப் போர் வந்தது, படிப்பு பாதியில நின்னது. அப்புறம் முடிக்கவே இல்ல. உடம்பும் சின்ன வயசுலேர்ந்தே சரியில்லாததால ராணுவத்துலயும் எடுத்துக்கல.

ஒரு மின்சாரக் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தார். அங்க கார்பனை வைரமாக்கப் போறேன்னு பெரிய கரண்டைப் பாய்ச்சி, ஏரியாவுக்கே பவர் கட் வர வெச்சார். பிறகு குளிர் தாங்குற சாக்ஸ் செஞ்சு வித்தார், அது நல்லாவே போச்சு. டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் ஃபேக்டரி போட்டார். அங்கத்துப் பூச்சிகளுக்குத்தான் கொண்டாட்டம், இவருக்கு நஷ்டம். லண்டன் திரும்பி சோப்பு வித்தார். 34 வயசுல உடம்பும் தொழிலும் ரெண்டும் படுத்துடுச்சு. லிங்க்ட்இன்ல இப்படி ஒரு ப்ரொஃபைலைப் பார்த்தா நீங்க கனெக்ட் கொடுப்பீங்களா?

1923-ல உடம்பு தேறணும்னு இங்கிலாந்தோட தென்கரையில இருக்கிற ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு வந்தார். டெலிவிஷன் வேலையை அங்கதான் கையில எடுத்தார். ஐடியா அவரோடது இல்ல. 1884-லேயே பெர்லின்ல பால் நிப்கோன்னு ஒரு ஸ்டூடண்ட் பேட்டன்ட் போட்டிருந்தார். வட்டத் தட்டுல சுருள் மாதிரி ஓட்டைகள் போட்டுச் சுத்தவிட்டா, ஒவ்வொரு ஓட்டையும் காட்சியில ஒரு கோட்டைத் தடவிட்டுப் போகும். அந்த வெளிச்சத்தைக் கரண்டா மாத்தி அனுப்பிட்டு, மறுபக்கம் அதே வேகத்துல சுத்துற இன்னொரு தட்டு வழியாப் பார்த்தா படம். பேப்பர்ல சரி, ஆனா அந்த மெல்லிசான சிக்னலைப் பெருக்க நிப்கோ காலத்துல வால்வ் கிடையாது. பேர்ட் காலத்துல இருந்தது.

அவர்கிட்ட இல்லாதது காசு. தொப்பிப் பெட்டி அட்டை, டீத்தூள் பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கு லென்ஸ், அரக்கு, பசை. நம்ம மினி ப்ராஜெக்ட் எல்லாம் இதைவிட ஆடம்பரம். 1924-ல சில அடி தூரத்துக்கு ஒரு சிலுவை வடிவத்தோட நிழலை அனுப்பினார். அதே வருஷம் ஹை வோல்டேஜ் ஷாக் அடிச்சுத் தூக்கிப்போட்டது. உயிர் தப்பினார், ஆனா இடத்தோட ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார்.

லண்டன்ல சோஹோ பகுதியில ஒரு மாடி ரூமுக்கு மாறினார். 1925 அக்டோபர் 2-ஆம் தேதி, ஸ்டூக்கி பில்னு பேர் வெச்சிருந்த பொம்மைத் தலையோட முகம் வெறும் நிழலா இல்லாம வெளிச்சமும் இருட்டும் கலந்து தெரிஞ்சது. பொம்மை ஏன்னா, அந்த விளக்குச் சூட்டுல மனுஷன் உட்கார முடியாது. இருந்தாலும் ஓடிப்போய் கீழ ஆபீஸ்ல வேலை பார்த்த பையனை இழுத்துட்டு வந்து உட்கார வெச்சார். சூடு தாங்காம அவன் நகர்ந்துட்டான், கையில கொஞ்சம் காசு கொடுத்துத் திரும்ப உட்கார வெச்சார். 1926 ஜனவரி 26-ல ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் அந்தக் குறுகலான மாடிப்படி ஏறி வந்து பார்த்தாங்க.

இப்போ கொஞ்சம் கணக்கு. பேர்டோட படத்துல மொத்தம் 30 கோடு. அகலம் 3, உயரம் 7, அதாவது இன்னிக்கு ரீல்ஸ் மாதிரி செங்குத்துப் படம். ஒரு முகம் நிரம்பினா போதும்னு வெச்ச அளவு. ஒரு கோட்டுக்கு 70 புள்ளின்னு வெச்சா படத்துக்கு 2,100. பின்னாடி பிபிசி-யில ஓடினது செகண்டுக்கு 12.5 படம், அப்போ 26,250 புள்ளி. ரெண்டு புள்ளிக்கு ஒரு சைக்கிள், ஆக சுமார் 13 கிலோஹெர்ட்ஸ். காதுல கேட்கிற சத்தத்தோட எல்லைக்குள்ளயே ஒரு வீடியோ! அதனாலதான் அது டெலிபோன் கம்பியில போச்சு, சாதா ரேடியோ நிலையத்துல போச்சு.

1927-ல லண்டன்லேர்ந்து கிளாஸ்கோவுக்கு, 438 மைல், டெலிபோன் லைன்லயே படம் அனுப்பினார். 1928 பிப்ரவரியில சிற்றலையில அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் பக்கத்துக்கு. எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த மாசம் நடந்தது. அவரோட கம்பெனி ஆட்கள் ரிசீவரோட பெரெங்கேரியாங்கிற கப்பல்ல திரும்பி வந்துட்டிருந்தாங்க. நடுக்கடல்ல கப்பலோட தலைமை வயர்லெஸ் ஆபரேட்டர் அந்தச் சின்ன ஜன்னல்ல பார்த்தார். லண்டன் ஸ்டூடியோவுல உட்கார்ந்திருந்த, அவருக்கு நிச்சயமான பொண்ணோட முகம். அடையாளம் தெரிஞ்சது. வீடியோ கால்ல மூஞ்சி தெரியலன்னு கடுப்பாகும்போது இதை நினைச்சுக்கோங்க.

கேரவனும் அவர் கதையில உண்டு. 1931 ஜூன்ல எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தை நேரலையா அனுப்ப, சுத்துற கண்ணாடி டிரம்மை ஒரு கேரவனுக்குள்ள வெச்சு மைதானத்துக்கே இழுத்துட்டுப் போனாங்க. குதிரைகள் மங்கலாத்தான் தெரிஞ்சது. ஆனா ஸ்டூடியோ சூட்டையும் விளக்கையும் விட்டுட்டு டெலிவிஷன் வெளியில வந்துடுச்சு.

சரி, எங்க தோத்தார்? அதே குறுகலான குழாய்லதான். முகம் போதாது, முழு நாடகம், முழு மைதானம் வேணும்னு வந்ததும் கோடுகளைக் கூட்டியாகணும். கோடு கூடினா பேண்ட்வித் கூடும், இயந்திரத் தட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 1936 நவம்பர்ல பிபிசி, அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல ரெண்டு முறையையும் மாத்தி மாத்தி ஓட்டியது. பேர்ட் கம்பெனிக்கு 240 கோடு, மார்க்கோனி-இஎம்ஐக்கு 405 கோடு, முழுக்க எலெக்ட்ரானிக். பேர்ட் பக்கத்து முறை ஒண்ணுல காட்சியை முதல்ல ஃபிலிம்ல எடுத்து, அங்கேயே கழுவி, அப்புறம் ஸ்கேன் பண்ணணும். கேமராவைத் தரையோட போல்ட் போட்டு வெச்சிருந்தாங்க. போதாக்குறைக்கு அந்த நவம்பர் 30-ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸ் எரிஞ்சு, அங்க இருந்த அவங்க லேபும் சாம்பலாச்சு. 1937 பிப்ரவரியில பிபிசி இஎம்ஐ பக்கம் போயிடுச்சு. சரியான முடிவுதான், நான் இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனா ஒரு இழப்பும் இருந்தது. 30 கோட்டுப் படம் மத்திய அலையில நாடு முழுக்கப் போச்சு. புதுப் படம் அழகா இருந்தது, லண்டனையும் சுத்துவட்டாரத்தையும் தாண்டி ஒழுங்கா எட்டல. தரம் வேணுமா, தூரம் வேணுமான்னு கேட்டா அப்போ ஒண்ணைத்தான் எடுக்க முடியும். உங்க லேப்டாப் செகண்டுக்கு செகண்ட் ரெண்டுக்கும் நடுவுல பேரம் பேசுது.

இயந்திரத் தட்டையே கட்டிப்பிடிச்சுட்டு உட்கார்ந்தவர்னு அவரைச் சொல்றது எனக்கு அநியாயமாத் தெரியுது. 1939-ல போர் வந்து ஒளிபரப்பு நின்னது, கம்பெனியும் மூழ்கியது. அவர் சொந்தக் காசுல வீட்டுலயே வேலையைத் தொடர்ந்தார். 1944 ஆகஸ்ட்ல டெலிக்ரோம்னு ஒரு கலர் பிக்சர் டியூபைக் காட்டினார், முழுக்க எலெக்ட்ரானிக். போருக்கப்புறம் ஆயிரம் கோடு, அதுவும் கலர்ல வேணும்னு அரசாங்கக் கமிட்டிகிட்ட வாதாடினார். 1946 ஜூன் 7-ல பிபிசி டெலிவிஷன் மறுபடி தொடங்கியது. ஒரு வாரம் கழிச்சு, 14-ஆம் தேதி, பெக்ஸ்ஹில்ல பேர்ட் தூக்கத்துல இறந்துபோனார். வயசு 57. ஹேஸ்டிங்ஸ் அங்கேர்ந்து சில மைல்தான்.

1927, 28-ல அவர் தன் படங்களைக் கிராமஃபோன் தட்டுல பதிஞ்சு வெச்சிருந்தார். சிக்னல் அவ்வளவு சின்னது, ரெக்கார்டுலயே அடங்கும். ஆனா அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற மாதிரி அவரால கொண்டுவர முடியல. 1980-கள்லேர்ந்து டொனால்ட் மெக்லீன்ங்கிற இன்ஜினியர் அந்தத் தட்டுகளைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, தடுமாற்றத்தையெல்லாம் சரிபண்ணி படத்தை வெளிய எடுத்தார். 1927 செப்டம்பர்ல பதிஞ்ச ஸ்டூக்கி பில் இப்போ லேப்டாப்ல தலையை ஆட்டுது.