காதுக்கும் கண்ணுக்கும் செய்தி சொன்னவர்

செய்தி கேட்க வீடே ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் தெரிந்த ஒரு குரல், எட்வர்ட் மர்ரோவின் குரல். பிறகு டிவி வந்தது; ரேடியோவின் மவுசு குறைந்தது. ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த மர்ரோ அப்போது என்ன செய்தார்? வாங்க குட்டீஸ், பார்ப்போம்.

1908 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தார். மரக்கட்டைகளால் ஆன வீடு, மின்சாரம் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் எக்பர்ட். பிழைப்புத் தேடிக் குடும்பம் நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனது. அங்கே மரம் வெட்டும் முகாம்களில் வேலை பார்த்தார் சிறுவன் எக்பர்ட். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னாளில் எட்வர்ட் என்று மாற்றிக்கொண்டார்.

கல்லூரியில் அவருக்குப் பேச்சுக்கலை கற்றுக்கொடுத்தவர் ஐடா லூ ஆண்டர்சன். போலியோவால் முதுகு வளைந்த ஆசிரியை. அவர் மாணவரை மறக்கவே இல்லை. பல வருடங்கள் கழித்து லண்டனிலிருந்து மர்ரோ பேசுவதை ரேடியோவில் கேட்டவர், தொடக்க அறிவிப்பின் முதல் வார்த்தைக்குப் பின் ஒரு நொடி நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். மர்ரோவும் அப்படியே செய்தார். அந்த ஒரு நொடி மௌனம்தான் அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது!

1935இல் சி.பி.எஸ். ரேடியோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1937இல் அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். செய்தி சொல்வதற்கு அல்ல! சொற்பொழிவுகள், கச்சேரிகள் போன்ற நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வதுதான் வேலை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அப்போது மர்ரோ போலந்தில் இருந்தார். பெர்லினுக்குப் பறந்து போய், அங்கே 27 பேர் உட்காரக்கூடிய விமானத்தை வாடகைக்கு எடுத்து, தனி ஆளாக வியன்னா போய் இறங்கினார். மார்ச் 13 அன்று அவர் வியன்னாவிலிருந்தும், நண்பர் வில்லியம் ஷைரர் லண்டனிலிருந்தும், இன்னும் சிலர் வேறு நகரங்களிலிருந்தும் ஒரே நிகழ்ச்சியில் பேசினார்கள். கடல் கடந்த செய்தியை, நடக்கும் இடத்திலிருந்தே, அன்றைக்கே கேட்டது அமெரிக்க மக்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

1940இல் ஜெர்மனி லண்டன்மீது குண்டு மழை பொழிந்தது. செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள்! மற்றவர்கள் நிலவறைக்கு ஓடினார்கள். மர்ரோ மைக்கோடு மொட்டை மாடிக்கு ஏறினார். எதிரிக்கு ஏதாவது துப்புக் கிடைத்துவிடுமோ என்று அதிகாரிகள் தயங்கினார்கள். ஆகவே முதலில் சில இரவுகள் பேசிப் பதிவு செய்து காட்டி, அனுமதி வாங்கினார். ஒருநாள் லண்டன் தெருவில், அபாயச் சங்கு ஊதியும் பதறாமல் நடந்து போகிறவர்களின் காலடி ஓசை கேட்கட்டும் என்று மைக்கைத் தரையிலேயே வைத்துவிட்டார். கண்ணால் பார்க்க முடியாததைக் காதால் பார்க்க வைப்பது என்றால் இதுதான்.

போர் முடிந்ததும் டிவி வேகமாகப் பரவியது. 1950இல் அமெரிக்காவில் பத்து வீட்டுக்கு ஒன்றில்கூட டிவி இல்லை. 1960இல் பத்தில் எட்டு வீடுகளுக்கும் மேல் டிவி வந்துவிட்டது. படம் காட்டும் பெட்டியில் செய்தி எடுபடுமா என்று மர்ரோவுக்கு முதலில் சந்தேகம். ஆனாலும் இறங்கினார். நண்பர் பிரெட் பிரண்ட்லியோடு சேர்ந்து ரேடியோவில் நடத்திய நிகழ்ச்சியின் பெயர், இப்போது கேளுங்கள். 1951 நவம்பரில் அதுவே டிவிக்கு மாறியபோது வைத்த பெயர், இப்போது பாருங்கள்! முதல் நாளே நாட்டின் கிழக்குக் கரைப் பாலத்தையும் மேற்குக் கரைப் பாலத்தையும் ஒரே நேரத்தில் திரையில் காட்டி அசத்தினார்கள்.

அப்போது மெக்கார்த்தி என்ற செனட்டர் இருந்தார். சரியான ஆதாரம் இல்லாமலேயே பலரையும் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டுவார். அந்தப் பயத்தில் எத்தனையோ பேருக்கு வேலை போனது. பல பத்திரிகைகள் ஏற்கெனவே அவரைக் கண்டித்து எழுதியிருந்தன. மர்ரோ செய்தது வேறு. 1954 மார்ச் 9 அன்று மெக்கார்த்தியின் பேச்சுகளையே படமாகப் போட்டுக் காட்டி, எங்கெங்கே உண்மை இல்லை என்று எடுத்துச் சொன்னார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்க நிறுவனம் தயங்கியது. மர்ரோவும் பிரண்ட்லியும் சொந்தக் காசைப் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள்! தொலைபேசியிலும் கடிதத்திலும் பாராட்டுகள் குவிந்தன. அதே வருடம் டிசம்பரில் செனட் சபையே மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

இத்தனை செய்தும், பெரிய பரிசுத் தொகை கொடுக்கும் வினாடி வினா நிகழ்ச்சிகள் வந்ததும் காற்று மாறியது. விளம்பரப் பணம் அந்தப் பக்கம் போனது. வாரம்தோறும் வந்த மர்ரோவின் நிகழ்ச்சி எப்போதாவது வருவதாகச் சுருங்கி, 1958இல் நின்றே போனது. அதே ஆண்டு சிகாகோவில் ரேடியோ, டிவி செய்தியாளர்கள் கூட்டத்தில், மக்களுக்கு விஷயம் தெரிவிக்காமல் பொழுதுபோக்கு மட்டுமே காட்டினால் டிவி வெறும் பெட்டிதான் என்ற கருத்தில் துணிச்சலாகப் பேசினார். முதலாளிகளுக்குக் கோபம் வந்தது.

1961இல் சி.பி.எஸ்.ஸை விட்டு விலகி, அரசின் தகவல் நிறுவனத்துக்குத் தலைவரானார். அங்கே ஒரு வேடிக்கை. பண்ணைக் கூலிகளின் வறுமையைப் பற்றி அவரே எடுத்த டிவி படத்தை பி.பி.சி. ஒளிபரப்ப இருந்தது. அமெரிக்காவின் பெயர் கெடுமே என்று, அதை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்! பி.பி.சி. கேட்கவில்லை, படத்தைக் காட்டியது. அவ்வளவு துணிச்சல்காரர் இப்படிச் செய்தது அவர் ரசிகர்களுக்கே பிடிக்கவில்லை.

மர்ரோ ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். புற்றுநோய் நுரையீரலைத் தாக்கியது. 57ஆவது பிறந்த நாள் முடிந்து இரண்டே நாளில், 1965 ஏப்ரல் 27 அன்று காலமானார். ஐடா லூ ஆண்டர்சன் அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த கல்லூரி இப்போது பல்கலைக்கழகம். அங்கே செய்தித் தொழில் படிக்கும் பிரிவுக்கு மர்ரோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.